பாவாயிக் கரடியின் கூழ்க்கடை

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும்போது, என்னோடு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த ரஞ்சிதம்தான் இந்தக் கதையை முதலில் சொன்னாள். என் மூத்தவளுக்கு அப்போது பத்து வயது. ரஞ்சிதம் பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருந்தவள். அவள் சொன்னதை என் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன்.

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் பாவாயி என்ற கரடி கம்மங்கூழ் விற்றுவந்தாள். கணவன் இல்லை. இரண்டு குட்டிகள். கோடை முழுக்கக் கூழ் ஓடும். மழை விழுந்துவிட்டால் ஒரு ஈ கூட எட்டிப் பார்க்காது. கோடையில் மிச்சம் பிடிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தில் குட்டிகள் வயிறு நனைய வேண்டும்.

அந்தக் காட்டில் காசு என்றால் புளியங்கொட்டை. ஒரு கொட்டாங்குச்சிக் கூழ் இரண்டு புளியங்கொட்டை. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம். அதற்குக் காசு கிடையாது. கூழ்க்கடை என்றால் அப்படித்தானே! அதையெல்லாம் செய்து இலையில் வைப்பது அஞ்சலை என்ற கிளி.

நாளுக்கு நூறு கொட்டாங்குச்சி போகும். ஆனாலும் செலவு போக, பொழுது சாயும்போது காசுப் பானையில் பத்துப் புளியங்கொட்டைதான் கிடக்கும்.

"சாமி, இவ்வளவு ஓடியும் கையில நிக்கலையே!" என்று பாவாயி கும்பிட்டாள். பிறகு கணக்கில் கெட்டிக்காரனான மரங்கொத்தி கொண்டையனைக் கூப்பிட்டாள்.

கொண்டையன் நல்லவன். கடையை ஒட்டிய புங்க மரத்தில் இடது பக்கம் வரவைக் கொத்தினான். வலது பக்கம் செலவைக் கொத்தினான். டொக், டொக், டொக்!

"அக்கா, வரவு இருநூறு. கம்புக்கு நூற்றிருபது, மோருக்கு முப்பது. சரிதான். இந்த மிளகாய், மாங்காய், வெங்காயம், அஞ்சலை கூலி எல்லாம் சேர்த்து நாற்பது. அதுல வரவு எவ்வளவு தெரியுமா?"

"எவ்வளவு?"

"ஒண்ணுமே இல்லை! மரத்தைப் பாருங்க, அதுக்கு எதிரே வரவுப் பக்கம் வழுவழுன்னு கிடக்கு. நிறுத்திட்டா நாளுக்கு ஐம்பது மிஞ்சும்!"

பாவாயி கிளி இருந்த பக்கம் பார்த்தாள். அஞ்சலை நாலு கோடையாய்க் கூட இருந்தவள். ஆனால் குட்டிகள் முகம் கண்ணில் வந்தது.

"அஞ்சலை, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா" என்றாள், குனிந்துகொண்டே.

"சரிக்கா" என்றது கிளி. பறந்து போய்விட்டது.

முதல் நாள் ஐம்பது மிஞ்சியது! "பார்த்தீங்களா?" என்று கொண்டையன் கொண்டையைச் சிலுப்பினான். பாவாயி விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

இரண்டாம் நாள் எழுபது கொட்டாங்குச்சிதான் போனது. மூன்றாம் நாள் முப்பது. வழக்கம்போல் காய்ச்சிய கூழ் அண்டாவில் புளித்து நுரைத்தது. கம்பு விற்கும் பெருச்சாளிக்குக் கொடுத்ததுபோகப் பானையில் மிஞ்சியது, இன்னும் ஒரே ஒரு நாள் கம்பு வாங்கத்தான் காணும்.

"ஒரு நாள்தானா!" பாவாயி பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு கொட்டையும் விழவில்லை.

அந்த நேரம் காட்டுப்பன்றி மாடசாமி வந்தான். ஒரு வாய் குடித்தான். கீழே வைத்துவிட்டான்.

"ஏண்ணே, கூழ் நல்லா இல்லையா?"

"கூழ் நல்லாத்தான் இருக்கு தாயி. வெறும் கூழை எப்படி இறக்குறது? அந்த மிளகாயை நறுக்குன்னு ஒரு கடி கடிச்சா, நாக்கு ரெண்டாவது கொட்டாங்குச்சி கேக்கும். முந்தியெல்லாம் நான் ஒண்ணோட நிறுத்தியிருக்கேனா?"

"மூணு குடிப்பீங்க."

"இப்ப ஒண்ணே இறங்கல. இதுக்குக் குளத்துத் தண்ணியே போதுமே!"

பன்றி போய்விட்டான். மேலே கிளையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்ட கொண்டையன் கண் கலங்கினான்.

"அக்கா, மிளகாய்க்கு எதிரே வரவு இல்லைன்னு கொத்தினேன்ல? அதோட வரவெல்லாம் கூழ் பக்கத்துல இருந்திருக்கு. எனக்குத் தெரியலையே! உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேனே!"

"நீ நல்லதுக்குத்தானே தம்பி சொன்னே. அழாதே. ஆனா பழையபடி நடத்தினாலும் பத்துதானே மிஞ்சும்? மழைக்கு அது காணாதே. வா, அஞ்சலைகிட்டப் போவோம்."

கிளி ஒரு பட்ட மரப் பொந்தில் இருந்தது. பாவாயி கீழே நின்று, "தப்பு பண்ணிட்டேம்மா. உன்னை ஒரு வார்த்தை கேக்காம அனுப்பிட்டேன்" என்றாள்.

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு, "குட்டிங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டது. பாவாயிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அஞ்சலைக்கா," என்றான் கொண்டையன், "மிளகாய், மாங்காய்னு நாற்பது செலவாகுதே, அதைக் குறைக்க வழி இருக்கா?"

"ஏன் இல்லாம? பன்றியண்ணனுக்கு மிளகாய் மட்டும் போதும். முயலுக்கு மிளகாயே ஆகாது, மாங்காய்தான். மான் வெங்காயத்தை மோந்துகூடப் பார்க்காது. ஆனா எல்லார் இலையிலும் எல்லாத்தையும் அள்ளி வைக்கிறோம். பாதி மண்ணுக்குத்தான் போகுது!"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றான் கொண்டையன்.

"யாரு கேட்டீங்க?"

பாவாயி தயங்கினாள். "வேணுமா, வேண்டாமான்னு கேட்டு வைச்சா, கஞ்சம்பிடிச்சவன்னு நினைப்பாங்களேம்மா! நிறைய வைக்கிறதுதானே மரியாதை?"

"அக்கா, தின்னாத ஒண்ணை வைக்கிறதுல என்ன மரியாதை? மூணு சட்டியில மூணையும் வைப்போம். பிரியப்பட்டதைப் பிரியப்பட்ட மட்டும் எடுத்துக்கட்டும்!"

மறுநாள் கடைசிக் கம்பு அண்டாவில் கொதித்தது. அஞ்சலை வரிசையாக மூன்று சட்டி வைத்தது. வறுத்த மிளகாய் வாசம் குளத்தைத் தாண்டிப் போனது. முதலில் பன்றி வந்தான். பின்னாலேயே முயல்கள், மான்கள்.

"அட, நாமளே எடுத்துக்கலாமா? இது ராஜ விருந்தால்ல இருக்கு!" என்றான் மாடசாமி, மூன்றாவது கொட்டாங்குச்சியை நீட்டியபடி.

கொண்டையன் இப்போது கிளையில் உட்காரவில்லை. தரையில் இறங்கி, யார் எதை எடுக்கிறார்கள், எது இலையில் மிஞ்சுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கொத்தினான்.

நூறு கொட்டாங்குச்சியும் போனது. நாற்பது ஆன செலவு இருபதில் அடங்கியது. பானையில் முப்பது மிஞ்சியது. ஐம்பது இல்லைதான். ஆனால் மறுநாளும் முப்பது, அதற்கு அடுத்த நாளும் முப்பது. மழை வந்தபோது குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கின.

எந்தச் செலவு எவ்வளவு தின்கிறது என்று மட்டும் பார்க்காமல், அது எந்த வரவைக் கூட்டிவருகிறது என்றும் பார்க்கிற கணக்குதான் ஒரு தொழிலைக் காப்பாற்றும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கண்ணுகளா. வீட்டிலோ கடையிலோ ஒரு செலவை நிறுத்தும் முன்னால், அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.