செயலாளரின் மௌன விரதம்

எண்பத்து நாலு பக்கத்தையும் அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு கூத்தபிரான் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுல குறை ஏதும் இருக்காம்மா?"

இல்லை என்ற பதிலுக்காகக் கேட்ட கேள்வி அது. எட்டு மாதம் அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவன் நான். எனக்குத் தெரியாதா.

அம்மா எங்கள் மடத்தின் தலைவி. வயது நாற்பத்தேழு. அண்ணாச்சி அவருடைய சீடர். வயது அறுபத்தாறு. கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் மாரடைப்பு வந்து மதுரையில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தார். சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். தாமிரபரணிக் கரையில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை.

எண்பத்து நாலு பக்கம் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நூலகங்கள். எங்கள் மடத்துச் சுவடிகள், ஒரு தர்கா நூலகம், கடலோரத்தில் ஒரு வாசகசாலை, இப்படி. எல்லோரும் பழைய ஏடுகளை ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் ஒவ்வொருவர் சரக்குக்கும் வேறு மூன்று நூலகங்களில் பிரதி இருக்கட்டும் என்று ஒரு கூட்டமைப்பு உண்டானது. பிரதியைப் பூட்டித்தான் அனுப்புவோம். வைத்திருப்பவர் திறந்து பார்க்க முடியாது. யாருக்கு எத்தனை ஓட்டு, யார் தலைவர், யார் எப்போது திறக்கலாம், எல்லாம் அந்த எண்பத்து நாலு பக்கத்தில். எழுதி முடித்ததிலிருந்து ஒரு வருஷமாகத் தற்காலிகமாக அதன்படிதான் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை பொதுக்குழு கூடி அதை நிறைவேற்ற வேண்டும்.

அம்மா பக்கங்களைப் புரட்டினார்.

"ஓட்டு எப்படி?"

"பெரிய நூலகம், சின்ன நூலகம் எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. தராசு ஒரு பக்கம் சாயாது."

"தலைவரு?"

"வருஷத்துக்கு ஒருத்தரு. சுத்தி வரும்."

"நல்லா இருக்கு. பூட்டுக்குச் சாவி?"

"சாவின்னா ஒரு ரகசிய வாசகம்மா. அதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சாத்தான் எந்தப் பெட்டியும் திறக்கும். அது செயலாளர்கிட்ட இருக்கும்."

"செயலாளர் யாரு?"

"இப்போதைக்கு நான்."

"எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

அண்ணாச்சி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"எழுதி வச்சா எவனாவது எடுத்துருவாம்மா. நான் சர்வீஸ்ல பார்த்திருக்கேன். ஒரு சங்கத்துல பெட்டகச் சாவியை மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்க உத்தரவு போட்டேன். ஒருத்தன் திருடினா மத்த ரெண்டு பேரு பிடிப்பானுவன்னு நினைச்சேன். மூணு பேரும் சேர்ந்து திறந்தானுவ. அன்னையில இருந்து யாரையும் நம்புறதில்ல."

அம்மா என் பக்கம் திரும்பினார். "செயலாளர்ங்கிற வார்த்தை இதுல எத்தனை தடவை வருதுன்னு பாருங்க."

கம்ப்யூட்டரில் தேடினேன். நூற்று நாற்பத்து மூன்று தடவை.

அண்ணாச்சிக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றினார். "நாளைக்கு ஏழாவது பொருளா ஒரு விண்ணப்பம் இருக்கும்மா. கடலோர வாசகசாலை. டிசம்பர் மழையில அவங்க கட்டடத்துக்குள்ள தண்ணி வந்து எல்லாம் போச்சு. ஞானஸ்நானப் பதிவேட்டுப் பிரதி வேணும்னு கேட்டிருக்காங்க. பொதுக்குழு சம்மதிச்ச உடனே திறந்து கொடுத்துரலாம். வியாழக்கிழமை அவங்களுக்கு ஏதோ விசாரணை."

"விண்ணப்பம் என்னைக்கு வந்துச்சு?"

"வந்து பத்தொன்பது நாளாச்சு. விதின்னு ஒண்ணு இருக்குல்லாம்மா."

அம்மா காகிதங்களைச் சேர்த்து, ஓரம் தட்டி, அவரிடமே நீட்டினார்.

"நாளைக்கு நீங்க மௌனம், அண்ணாச்சி."

எங்கள் மடத்தில் மௌனம் என்றால் முழு மௌனம். எழுதிக் காட்டக் கூடாது, சைகை கூடாது, தலைகூட ஆட்டக் கூடாது. விடிந்ததிலிருந்து விளக்கேற்றும்வரை. அம்மா கொடுத்தால் ஏன் என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. அண்ணாச்சி பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"நாளைக்கா? பொதுக்குழுவாச்சே."

"தெரியும்."

"அந்தக் கடக்கரை ஆளுவ என்ன செய்வாங்க?"

"விதிதான் இருக்கே. எண்பத்து நாலு பக்கம்."

மறுநாள் பத்து மணிக்கு ஒன்பது நூலகத்து ஆட்களும் மடத்துக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையோடு நடுவில் இருந்தார். வாய் இறுகியிருந்தது. அம்மா ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தை நான் எழுந்து சொன்னேன். இன்றைக்கு அண்ணாச்சி மௌனம், கூட்டத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று.

தர்கா நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பீர்முகமது, "நல்லதாப் போச்சு, இன்னைக்கு மதியச் சாப்பாடு மதியமே கிடைக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சிரிப்பும் விரதத்தில் சேர்த்தி.

சிரிப்பு அடங்குவதற்குள் கடலோர வாசகசாலையின் செலஸ்டினா எழுந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். மீன் ஏலக்கூடத்தில் எழுத்து வேலை, மாலையில் வாசகசாலை.

"ஏழாவது பொருளை முதல்ல எடுங்க. நான் மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றாள்.

எடுத்தார்கள். அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். அவர்கள் ஊரில் கடலை ஒட்டி அறுபத்தொரு வீடுகள். நீங்கள் புறம்போக்கில் சமீபத்தில் வந்து குடியேறியவர்கள், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. ஆதாரத்தை இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வக்கீலிடம் சேர்த்தால்தான் தாக்கல் செய்ய முடியும். நூற்றைம்பது வருஷமாக அங்கே பிறந்தவர்களின் பேர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டுப் பேரோடு இருக்கிறது. அசல் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. அவர்களுடைய கம்ப்யூட்டரும் போய்விட்டது.

"அது இல்லாட்டா நாங்க நேத்து வந்தவங்கன்னு எழுதிருவாங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டன் நேத்து வந்தானா?" என்றாள்.

திறந்து கொடுக்கலாம் என்று ஒன்பது பேரும் கை தூக்கினார்கள். அண்ணாச்சி கை தூக்க முடியாது. மடத்தின் ஓட்டை நான் போட்டேன்.

"உங்க பெட்டி எங்கிட்ட பத்திரமா இருக்கு, தங்கச்சி" என்று பீர்முகமது தன் லேப்டாப்பைத் திறந்தார். எங்கள் மடத்துக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. இன்னொரு நூலகத்திலும் இருந்தது. மூன்றும் ஒரே வாசகத்தைத்தான் கேட்டன.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். அம்மா முற்றத்தில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு ரெண்டு நிமிஷம் விரதத்தை நிறுத்தி வைக்கப்படாதா?" என்று பீர்முகமது கேட்டார்.

"அவரு இல்லாட்டா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க" என்றார் அம்மா.

சரி, விதியைப் பார்ப்போம் என்று ஆளுக்கு ஒரு பிரதியை எடுத்தார்கள். முப்பத்தொன்றாம் பக்கம். பீர்முகமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். "செயலாளர் இல்லாத காலத்தில், செயலாளரால் நியமிக்கப்படும் ஒருவர் அவருடைய பொறுப்புகளை மேற்கொள்வார்."

"நியமிச்சிருக்காரா?"

இல்லை என்று நான் சொன்னேன்.

"செயலாளரை மாத்த வழி இருக்கா?"

இருந்தது. ஐம்பத்தெட்டாம் பக்கம். அதற்குச் சிறப்புக் கூட்டம் வேண்டும். சிறப்புக் கூட்டத்தைச் செயலாளர்தான் கூட்ட வேண்டும்.

"வேலியைச் சுத்திச் சுத்திப் போட்டு வாசலை விட்டுட்டாரே மனுசன்" என்றார் பீர்முகமது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஊகித்துப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் பிறந்த தேதி, அவர் மகன் பேர், குலசாமி பேர், எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அவரைப் பற்றியே, அவர் இல்லாதது போலப் பேசிக்கொண்டார்கள். ஒருவர், "அவருக்கு என்னதான் பிடிக்கும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியவில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டார்கள். சாப்பிட்டு வந்து மறுபடியும் முயன்றார்கள். அண்ணாச்சி சாப்பிடவில்லை. நெற்றி வியர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இரண்டரை மணிக்கு செலஸ்டினா தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை.

"வாரேன், அண்ணாச்சி" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க."

அவள் வாசலுக்குப் போய் ஒரு கால் செருப்பைப் போட்டிருப்பாள்.

"கோவில்பட்டி மூணாம் மேசை பச்சை மை."

அண்ணாச்சியின் குரல்தான். காலையிலிருந்து பேசாத தொண்டையிலிருந்து கரகரவென்று வந்தது. எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அவரே இன்னொரு தடவை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். முதல் வேலைக்குச் சேர்ந்த ஊர். உட்கார்ந்த மேசை. அதிகாரியானதும் கையெழுத்துப் போட்ட மை. அடித்தேன். பெட்டி திறந்தது.

செலஸ்டினா ஒரு கால் செருப்போடு கூடத்துக்குள் வந்தாள். பக்கம் பக்கமாகப் பேர்கள் வந்தன. ஒரு பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, திரையில் விரல் வைத்து, "இது எங்க வீடு" என்றாள். இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றைப் பையில் வைத்து, ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் போயிருக்கும் என்று பீர்முகமது தன் காரிலேயே அழைத்துக்கொண்டு போனார்.

எண்பத்து நாலு பக்கத்தை நிறைவேற்றும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சியும் எடுக்கவில்லை.

ஐந்து மணிவாக்கில் அம்மா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி போய் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"விரதத்தை முறிச்சிட்டேம்மா."

"ம்."

"விளக்கேத்துற வரைக்கும் இருந்திருக்கணும். முடியல. அந்தப் பிள்ள செருப்பு மாட்டுச்சு. பார்த்துக்கிட்டு இருக்க முடியல."

"ம்."

"என்ன பிராயச்சித்தம் சொன்னாலும் செய்யுதேன்."

அம்மா ஒரு துண்டை உதறி மடித்தார்.

"தப்புன்னு யாரு சொன்னா?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். சட்டென்று பழைய துணைப் பதிவாளர் எட்டிப் பார்த்தார். "அப்போ குறை எங்கம்மா இருக்கு? முப்பத்தொண்ணாம் பக்கமா, ஐம்பத்தெட்டா? சொன்னா இன்னைக்கே திருத்திருதேன்."

"பக்கமெல்லாம் எனக்குத் தெரியாது, அண்ணாச்சி" என்றார் அம்மா. "இன்னைக்கு இருந்த மௌனத்தை உங்களால முறிக்க முடிஞ்சுது. அந்த அறுபத்தொரு வீட்டுக்கும் நல்ல காலம்."

அண்ணாச்சி பதில் சொல்ல வாயெடுத்தார். அவருடைய வலது கை தானாகப் போய் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த இடத்தின்மேல் இருந்தது. விளக்கேற்றும்வரை அவர் பேசவில்லை.