கல்லூரிமேட்டு ஓட்டு சரிபாதியாகப் பிரிந்த விதம்

கல்லூரிமேட்டுக்குப் பஸ் உண்டு. ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் கல்லூரிமேடு இல்லை. பஸ் ரோடு ஓடைக்கு அந்தக் கரையில். கல்லூரியும் அதை ஒட்டிய ஒற்றைத் தெருவும் இந்தக் கரையில். வெயில் காலத்தில் ஓடையில் இறங்கி நடந்து வந்துவிடலாம். ஐப்பசி பிறந்தால் தண்ணீர் இடுப்புக்கு மேலே போகும். பிள்ளைகள் அந்தக் கரையில் நின்றபடியே கல்லூரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் நொந்துபோனது மெஸ் நடத்துகிற பேச்சிக்கனிதான். பிள்ளைகள் வராவிட்டால் அவித்த இட்லியை அவளேதான் தின்ன வேண்டும். போன மழைக்கு இட்லிக் கொப்பரையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கரைக்கே போய் விற்கலாம் என்று ஓடையில் இறங்கினாள். அவள் திரும்பி வந்தாள். கொப்பரை வரவில்லை.

"இன்னொரு மழை இப்படிப் போச்சுன்னா மெஸ்ஸை மூடிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் போவணும். மதினி சமைச்சதைத் திங்கணும்" என்பாள். மெஸ்ஸை மூடுவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். மதினியின் குழம்பை நினைத்தால்தான் அவளுக்குக் கண் கலங்கும்.

இப்படி இருக்கையில் பொதுத் தேர்தல் வந்தது. மூக்குக்கண்ணாடிச் சின்னக்காரர் காலையில் வந்து, "எனக்குப் போட்டீங்கன்னா பாலம்" என்றார். நாற்காலிச் சின்னக்காரர் சாயங்காலம் வந்து, அதே ஓடையைக் காட்டி, அதே பாலத்தைச் சொன்னார்.

குடியிருப்போர் சங்கம் உடனே கூடியது. தலைவர் மாசானம் அண்ணாச்சி பேச்சைத் தொடங்கினார்.

"ரெண்டு பேரும் பாலம் தாரேங்காவ. ஒருத்தருக்கே மொத்தமாப் போட்டா இன்னொருத்தர் மனசு நோவும். அது நம்ம வழக்கம் இல்ல."

உண்மைதான். எதையும் சரிபாதியாகப் பிரிப்பதுதான் கல்லூரிமேட்டு வழக்கம். அண்ணாச்சியும் அவர் தம்பியும் சொத்துப் பிரித்தபோது இருந்த ஒரே சைக்கிளில் முன்சக்கரம் அண்ணனுக்கு, பின்சக்கரம் தம்பிக்கு என்று எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் அது பஞ்சரானால் எந்தச் சக்கரம் என்று பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள்.

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிற தர்மக்கண் சார் எழுந்தார். "ஓட்டைச் சரிபாதியாப் போடுவோம். ஒருத்தர் அந்தக் கரையில இருந்து பாதிப் பாலம் கட்டட்டும். இன்னொருத்தர் இந்தக் கரையில இருந்து பாதி. நடுவுல சேர்ந்துக்கும்."

கல்லூரி வாட்ச்மேன் இசக்கிராஜுக்குச் சந்தேகம் வந்தது. அவனுக்கு அடிக்கடி வரும். "சார், ஜெயிக்கப்போறது ஒருத்தர்தானே?"

"ஆமா."

"அப்போ தோத்தவரு பாதி?"

சபையில் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடைசியில் அண்ணாச்சிதான் வழி சொன்னார். "பாதி தூரம் பாலத்துல போவோம். மிச்சத்தை நீந்திக்கிடுவோம். இப்போ முழுசும்லா நீந்துதோம்."

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. தெருவின் வடக்கு வரிசை மூக்குக்கண்ணாடிக்கு, தெற்கு வரிசை நாற்காலிக்கு என்று முடிவானது. தலையை எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வரிசையிலும் சமமாக இருந்தது. கலையப் போகும்போது பேச்சிக்கனி கேட்டாள்.

"என் மெஸ்ஸு தெருக் கடைசியில ஓடையைப் பார்த்துல்லா இருக்கு? நான் எந்த வரிசை?"

மறுபடியும் உட்கார்ந்தார்கள். அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு பாதி பெருத்துவிடும், பாலம் கோணிக்கொள்ளும்.

"மெஷின்ல கடைசியா நோட்டான்னு ஒருத்தர் இருக்காரே, அவருக்குப் போட்டுரு" என்றான் இசக்கிராஜ்.

"அவரு யாரு? ஓட்டுக் கேட்டு வரவே இல்லையே?"

"அவரு எந்தத் தேர்தல்லயும் வரமாட்டாரு. ஆனா எல்லாத் தேர்தல்லயும் நிப்பாரு. யாரையும் திட்டினது கிடையாது. கட்சி மாறினதும் கிடையாது."

"நல்ல மனுசனாத் தெரியுதே" என்றாள் பேச்சிக்கனி. முடிவாயிற்று.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் தேர்தல் அதிகாரி வந்து கல்லூரி முற்றத்தில் எல்லோரையும் கூட்டி விதிமுறை சொன்னார். காலையிலிருந்து ஏழாவது ஊர், தொண்டை கட்டியிருந்தது.

"பூத்துல இருந்து நூறு மீட்டருக்குள்ள எந்த வேட்பாளர் சின்னமும் கண்ணுல படக் கூடாது. அடுத்தது, உங்க ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

இசக்கிராஜ் கையைத் தூக்கினான். "போட்டவனுக்குமா சார்?"

அதிகாரிக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி இருந்தது. "யாருக்கும்னா யாருக்கும்தான்யா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

விடிந்ததும் அண்ணாச்சி ஆட்களோடு கல்லூரியில் போட்டிருந்த பூத்துக்குள் போனார். அங்கே ஆறு நாற்காலிகள், பட்டப்பகலில், விதியை மீறி நின்றுகொண்டிருந்தன. ஆறையும் தூக்கிக்கொண்டுபோய் ஓடைக்கரையில் போட்டார்கள். வாக்குச்சாவடி அலுவலர்கள் தடுத்துப் பார்த்தார்கள். "நேத்து உங்க ஆபீசர் சொன்னதைத்தான் செய்யுதோம்" என்றார் அண்ணாச்சி. அவர்கள் அன்று முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். தலைமை அலுவலரின் மூக்கில் ஒரு கண்ணாடி இருந்தது. அதையும் தர்மக்கண் சார் மரியாதையாகக் கழற்றி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பெயர்களைத் தடவித் தடவித்தான் படித்தார்.

கேட்டில் இசக்கிராஜ் நின்று, கண்ணாடி போட்டு வந்த ஒவ்வொருவரிடமும் அதை வாங்கி வாளியில் போட்டான். படிப்பு நிறைந்த தெரு அது. வாளி இரண்டு தரம் நிறைந்தது. கண்ணாடி இல்லாதவர்களுக்கோ பார்வை நன்றாக இருந்தது. அதனால் அவர்கள் ரகசியத்தைக் காப்பாற்றக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

மெஷின் முன்னால் நின்று மேலிருந்து தடவிக்கொண்டே வருவார்கள். எந்தப் பொத்தான் என்று தெரிவதற்குள் விரல் கடைசிப் பொத்தானுக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போக இடமில்லை. அழுத்திவிடுவார்கள். பக்கத்துப் பெட்டியில் சீட்டு தெரியும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். வெளியே வந்ததும், "யாருக்குப் போட்டே?" என்று பெண்டாட்டி கேட்டால், "சத்தியமாத் தெரியாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

கண்ணை மூட மறந்தவர்கள் எட்டே பேர். வடக்கில் நாலு, தெற்கில் நாலு.

எண்ணிக்கை நாளன்று கல்லூரிமேட்டு பூத்தின் கணக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக்கு நாலு. நாற்காலிக்கு நாலு. மிச்ச அறுநூற்றுச் சொச்சமும் நோட்டாவுக்கு.

தர்மக்கண் சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நாலுக்கு நாலு. நான் சொன்ன மாதிரியே சரிபாதி."

அன்று ராத்திரி டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் கல்லூரிமேட்டைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். படித்த வாக்காளர்கள் இரு தரப்பையும் சம தூரத்தில் நிறுத்தி, கட்டுப்பாட்டோடு தங்கள் கோபத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றார்.

"யாருக்குவே கோவம்?" என்று அண்ணாச்சி கேட்டார். தெருவில் விசாரித்துப் பார்த்தார்கள். அலுவலரின் கண்ணாடி வாளியில் மாறிப்போய்த் தன்னிடம் வந்துவிட்டதாக ஒரு புரொபசர் மட்டும் கோபமாக இருந்தார்.

தொகுதியில் ஜெயித்தது மூக்குக்கண்ணாடிக்காரர். சங்கம் மாலையோடு போய்ப் பாலத்தைக் கேட்டது. அவர் மாலையை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு எத்தனை ஓட்டுப் போட்டீங்க?"

"நாலு."

"உங்க பூத்துல யாரு ஜெயிச்சாரோ அவர்கிட்டப் போய்க் கேளுங்க பாலத்தை."

இவ்வளவு தெளிவாக அவர்களிடம் யாரும் வழி சொன்னதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள்.

வந்ததும் ஓடைக்கரையில் வாழைமரம் கட்டி, 'வெற்றி வேட்பாளர் நோட்டா அவர்களே வருக' என்று பேனர் வைத்தார்கள். படம் கிடைக்காததால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டார்கள். தினமும் ஒரு புது மாலை. பேச்சிக்கனிக்கோ தலைகால் புரியவில்லை. அவருக்குப் போடுவதாக முதலில் ஒத்துக்கொண்டவள் அவள்தானே? கடன் வாங்கிப் புதுக் கொப்பரை எடுத்தாள். காலையில் முதல் ஈட்டு இட்லியை அவருக்கென்று வாழையிலையில் மூடி எடுத்து வைத்தாள்.

ஐப்பசி பிறந்தது. ஓடை இரு கரையும் தொட்டுப் போனது. அந்தக் கரையில் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாலையைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்த இசக்கிராஜுக்குச் சந்தேகம் வந்தது.

"யக்கா, ஜெயிச்சு இத்தனை மாசம் ஆச்சு. இன்னும் எட்டிப் பார்க்கலையே. இவரும் எல்லாரையும் மாதிரித்தானோ?"

பேச்சிக்கனி அவனை முறைத்தாள். இலையை நகர்த்தி இட்லி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு கரண்டியால் ஓடையைக் காட்டினாள்.

"நல்ல மனுசனைப் பேசாதல. தண்ணி போற போக்கைப் பாரு. பாலம் இல்லாம அவரு எப்படில வருவாரு?"