வாயில் விழுந்த சேறு

ஆறு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு 'ஹோ'வென்று கடலில் பாயும் ஓசையைச் செங்காலி நண்டு மிகச் சின்ன வயதில் ஒரே ஒருமுறை கேட்டிருந்தாள். பிறகு மழை பொய்த்தது. கடல் ஒதுக்கும் செத்த பாசியைத் தின்றே அவள் வளர்ந்தாள்.

இந்த ஐப்பசியில் அதே ஓசை மறுபடி கேட்டது. கழிமுகம் முழுக்க மூங்கில் இலையும் மருத இலையும் வந்து குவிந்தன!

அப்போது அவள் வயிற்றடியில் முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன.

"அத்தனையும் எனக்கும் என் பிள்ளைகளுக்கும்தான்!" என்று கூத்தாடினாள்.

பக்கத்துச் சேற்றிலிருந்து நெளியான் என்ற புழு தலையை நீட்டி, ஓர் இலைத் துணுக்கை வளைக்குள் இழுத்தான்.

"அடேய் திருடா! உன் வாயில் மண் விழ!"

நெளியானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேற்றைத் தின்று பிழைப்பவன் அவன்.

"உங்கள் வாய்முகூர்த்தம் பலிக்கட்டும் அக்கா! வேளை தவறாமல் விழட்டும்!"

சாபம் கொடுத்தால் நன்றி சொல்கிறானே! செங்காலிக்குக் கொடுக்கு துடித்தது. களிமண்ணை உருட்டி வந்து, அவன் வளையையும் அவன் சொந்தபந்தங்களின் வளைகளையும் ஒன்று விடாமல் அடைத்தாள்.

"இனி இலையில் ஒரு நரம்புகூடக் குறையாது!"

குறையவில்லைதான். இலைமேல் இலை, அதன்மேல் பாசி. ஆனால் அடியில் சேறு கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. செங்காலிக்கு மூச்சு வாங்கியது. முட்டைகளுக்குள் மிளகு மிளகாக உருண்டுகொண்டிருந்த குட்டிக் கண்கள் அசையவில்லை!

"கண்ணுகளா! கொஞ்சம் அசையுங்களேன்!" என்று அடிவயிற்றை ஆட்டி ஆட்டி விசிறினாள்.

வழியே வந்த துள்ளி என்ற இறால் மீசையைச் சுருட்டிக்கொண்டாள். "சீச்சீ! என்ன அக்கா நாற்றம்! நெளியான் எங்கே?"

"உள்ளே வைத்து அடைத்துவிட்டேன்."

"அடைத்துவிட்டீர்களா! நல்ல தண்ணீரை அடிச்சேற்றுக்கு இறக்கியது அவன் வளைதானே! கீழே மூச்சு செத்தால், அழுகல் மேலே இருக்கும் மூச்சையும் குடித்துவிடும். போய்த் திறங்கள்!"

செங்காலி பதறி ஓடினாள். கொடுக்கு நோகத் தோண்டினாள். உள்ளே நெளியான் துவண்டு கிடந்தான்.

"தம்பி! எழுந்திரு ராசா!"

"யாரு, சாபம் கொடுத்த அக்காவா? விழுந்தது அக்கா! போதும் போதும் என்கிற அளவுக்கு விழுந்தது!"

"எல்லா இலையையும் நீயே தின்னு! என் பிள்ளைகள் மூச்சு விட்டால் போதும்!"

அடைப்பெல்லாம் உடைந்தது. புழுக்கூட்டம் நெளிந்தது. குபுகுபுவென்று குமிழ்கள் கிளம்பின. கடல் ஏறிப் புதுத் தண்ணீர் தந்தது. கறுப்பு மெல்லப் பழுப்பானது. ஒரு முட்டைக்குள் ஒரு கண் உருண்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கொத்து முழுவதும்!

செங்காலி குறுக்கும் நெடுக்குமாக ஆடித் தீர்த்தாள். நெளியான் வாலால் தாளம் போட்டான்.

குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போயின. செங்காலி பின்னாளில் அந்தக் கழிமுகத்திலேயே செத்துச் சேறானாள். அந்தச் சேற்றை நெளியானின் பேரன்மார் தின்றார்கள்.

அடுத்தவன் வாசலை அடைப்பவனுக்கு முதலில் அடைபடுவது தன் மூச்சே.