முழங்கால் ஆழம்

கடலுக்கு நடுவே ஒரு சின்ன மணல் தீவு இருந்தது. அங்கே ஆறு இல்லை, குளம் இல்லை. ஆனாலும் முயல்களும் கௌதாரிகளும் சில கழுதைகளும் தாகமில்லாமல் வாழ்ந்து வந்தன. தாழம்புதருக்கு அடியில் இருந்த ஒரே ஓர் ஊற்றுக்குழிதான் அதற்குக் காரணம்.

அந்தக் குழிக்குப் பொறுப்பு சங்காயி என்ற கழுதை. தினமும் காலையில் அது முன்காலால் மணலைத் தோண்டும். முழங்கால் ஆழம்தான், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகாது! நல்ல தண்ணீர் ஊறும். குட்டி போட்டவர்கள் முதலில் குடிப்பார்கள், பிறகு மற்றவர்கள். ஆளுக்கு ஏழு மடக்கு. கடைசியில் குடித்தவர் மண்டியிட்டு, மணலைத் தள்ளிக் குழியை மூடிவிட வேண்டும்.

அந்த ஆண்டு கோடை கொளுத்தியது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சங்காயிக்கோ குட்டி பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தாய் வயிற்றில் தண்ணீர் இருந்தால்தானே குட்டிக்குப் பால்!

அமாவாசையன்று கடல் வற்றி, கரைக்கும் தீவுக்கும் இடையே மணல்திட்டு தெரிந்தது. அதன் வழியாக ஒரு நரியும் ஒரு குரங்கும் வந்து சேர்ந்தன. நரி அக்கரைக் காட்டுப் பள்ளியின் ஆசிரியர். குரங்கு அதன் மாணவன். குரங்கின் கையில் ஒரு கட்டுப் பனையோலை இருந்தது.

“வணக்கம்! நாங்கள் கள ஆய்வுக்கு வந்திருக்கிறோம்!” என்றது நரி. “இத்தீவின் சுற்றுச்சூழல் சிக்கல்களையும் உங்கள் பண்பாட்டையும் கற்றுக்கொள்ளப் போகிறோம். பௌர்ணமிக்குக் கடல் வற்றும்போது திரும்பிவிடுவோம்.”

“வாங்கய்யா, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க. ஏழு மடக்கு,” என்றது சங்காயி.

நரி இருபது மடக்கு குடித்தது. சங்காயி பல்லைக் கடித்துக்கொண்டது. விருந்தாளியாயிற்றே!

“இங்கே என்ன சிக்கல்?” என்று கேட்டது நரி.

“கோடையில தண்ணி லேசாக் கரிக்கும்யா. அடியில கடலு கெடக்கு. மழத்தண்ணி அது மேல மெல்லிசா மெதக்குது. மேலாப்புல எடுத்தா நல்ல தண்ணி. ஆழமாத் தோண்டினா கடலு ஏறி வந்துரும். அதான் முழங்காலோட நிறுத்திக்கிறோம். வெயிலு குடிச்சிராம மூடியும் வச்சிருவோம்.”

“கொஞ்சம் நில்லுங்கள்! எழுத்தாணி முறிந்துவிட்டது!” என்றது குரங்கு. “மறுபடியும் சொல்லுங்கள்!”

குரங்கு வேறோர் எழுத்தாணியை எடுத்ததும் சங்காயி மறுபடியும் சொன்னது.

“தோண்டுவது வலது காலாலா, இடது காலாலா?”

“எந்தக் கால்ல தோண்டுனா என்னய்யா! எவ்வளவு ஆழம்ங்கிறதுதான் பேச்சு!”

குரங்கு தலையாட்டிக்கொண்டே எழுதியது. எழுதியதை உரக்கப் படித்தும் காட்டியது. “இத்தீவினர் நீர் அருந்தியபின் மண்டியிட்டு வணங்கி, குழியைப் புதைக்கின்றனர்.”

“வணங்கலய்யா! மூடுறோம்!”

“அருமையான சடங்கு!” என்று நரி கண்ணை மூடி ரசித்தது.

தலையில் அடித்துக்கொள்ளத் தனக்குக் கை இல்லையே என்று சங்காயி அன்றுதான் முதன்முதலாக வருந்தியது.

மூன்றாம் நாள் காலை. சங்காயி தீவின் மறுபக்கத்தில் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. தாழம்புதர்ப் பக்கம் மணல் பறப்பது தெரிந்தது. குட்டியை விட்டுவிட்டு ஓடியது. போய்ப் பார்த்தால், குழிக்கு வெளியே நரியின் வால் மட்டும்தான் தெரிந்தது!

“ஐயோ, நிறுத்துங்க! எத்தன தடவ சொன்னேன்!”

“சிக்கலின் வேரைக் காண வேண்டுமானால் அடிவரை போக வேண்டும்!” என்றது உள்ளேயிருந்து நரியின் குரல். “இன்னும் ஒரு முழம்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!”

குபுகுபுவென்று தண்ணீர் ஏறியது. நரி நனைந்து வெளியே வந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

“உப்பு! ஒரே உப்பு! எழுதிக்கொள்ளடா! சிக்கலைக் கண்டுபிடித்துவிட்டோம்!”

“கண்டுபிடிக்கலய்யா! நீங்கதான் உண்டாக்கிட்டீங்க!” என்று சங்காயி கத்தியது. அந்தக் கத்தலில் கௌதாரிகள் எல்லாம் பறந்துவிட்டன.

அன்று வரிசையில் வந்த முயல்கள் ஒரு வாய் குடித்துத் துப்பின. மறுநாள் குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் சுரக்கவில்லை. அப்போதுதான் நரி வந்து தொண்டையைச் செருமியது.

“குடிநீர் எங்கே கிடைக்கும்?”

“அடிவர போனீங்களே, அங்க இல்லயா?”

சங்காயிக்கு உதைக்கத்தான் கால் எழுந்தது. ஆனால் உதைத்தால் தண்ணீர் வருமா? மணல்திட்டோ கடலுக்குள் போய்விட்டது. பௌர்ணமிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. “அந்தக் குழிய மூடுங்க. மழ வந்தாத்தான் அது தேறும்,” என்று இரண்டையும் மணல் அள்ள வைத்துவிட்டு, தீவு முழுக்க மோந்துகொண்டே நடந்தது. அன்று சாயங்காலம் வடக்கு மேட்டில், அடப்பங்கொடிக்கு அடியில் ஈர வாசம் அடித்தது. அங்கே அரை முழங்கால்தான் தோண்ட முடிந்தது. ஊறியது கொஞ்சம்தான்.

ஏழு மடக்கு மூன்று மடக்காயிற்று. நரி வரிசையின் கடைசியில் நின்றது. குடித்ததும் மண்டியிட்டுக் குழியை மூடியது. குட்டிக்குப் பால் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் அதற்குள் அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சங்காயிக்கு நெஞ்சு எரிந்தது.

பௌர்ணமியும் வந்தது. மணல்திட்டும் தெரிந்தது. வீடு போகப் போகிறோம் என்றதும் நரிக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

“அறிக்கையைப் படி! எல்லாரும் கேட்கட்டும்!”

குரங்கு ஓலையை விரித்தது. “தீவின் நீர் உப்பாவதற்குக் காரணம், கழுதைகள் காலால் குழி தோண்டுவதே. இவ்வழக்கத்தை உடனே தடை செய்ய வேண்டும்.”

முயல்கள் ஆத்திரத்தில் பின்காலால் மணலை உதைத்தன. சங்காயி மட்டும் பணிவாகக் கழுத்தை நீட்டியது.

“எங்க, அத இங்கிட்டுக் காட்டுங்க, பாப்போம்.”

குரங்கு பெருமையோடு நீட்டியது. மூன்றே கடி! ஓலைக்கட்டு முழுவதும் கழுதையின் வயிற்றுக்குள் போய்விட்டது.

“ஐயையோ! பதினைந்து நாள் உழைப்பு!” என்று அலறியது நரி.

சங்காயி நிதானமாக மென்று முடித்தது. “கடலு ஏற இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. இப்ப உடையறதுக்கு எழுத்தாணியும் வேணாம், எழுதுறதுக்கு ஓலையும் இல்ல. மொதல்ல இருந்து சொல்லுறேன். ரெண்டு பேரும் உக்காந்து கேளுங்க!”

வேறு வழியில்லாமல் நரியும் குரங்கும் மணலில் உட்கார்ந்தன. வந்த நாளிலிருந்து அன்றுதான் சங்காயி சொன்னதை அவை முழுதாகக் கேட்டன.

ஓர் ஊரைப் படிக்க வந்தவர், அந்த ஊரார் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் முன்னே அதன் மண்ணில் கை வைக்கக் கூடாது.