மூன்றாவது கையெழுத்து

பால் கூட்டுறவு ஒன்றியத்தின் கணினிப் பிரிவில் இரண்டே பேர்: பொறுப்பாளரும், அவருக்குக் கீழே சுடலைக்கனியும். பொறுப்பாளர் தங்கப்பழத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு ஹெப்சிபாவுக்கு நாற்பது. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் அவரிடம் கற்ற வேலைமுறையை ஒரு புள்ளி மாறாமல் தங்கப்பழம் இங்கே கொண்டுவந்திருந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து கிராமத்துப் பால் சங்கங்களில் மென்பொருள் எருமைப் பாலுக்குப் பசும்பால் என்று சீட்டு அடித்தது. வெள்ளி மாலைக்குள் சரியாகாவிட்டால் பிரிவையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். வெள்ளி காலையில் தங்கப்பழம் குருவை வரவழைத்தார்.

“திருத்தம் எழுதியாச்சா?”

“திங்கட்கிழமையே எழுதியாச்சு, டீச்சர். மூணு கையெழுத்து வேணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொண்ணாப் போடணும். நீங்க சொன்னபடிதான்.”

ஹெப்சிபா படிவத்தைப் பார்த்தார். மூன்று கட்டங்கள்: சோதித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர்.

“முதல் ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?”

சுடலைக்கனி எழுந்தாள். “ரெண்டும் நான்தான் மேடம். மூணாவதும் நான்தான். நாளைக்குத்தான் போடணும்னு சார் சொல்லிட்டாரு.”

ஹெப்சிபா சிரித்துவிட்டார். தங்கப்பழம் சிரிக்கவில்லை.

போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

“தினமும் ஏதாவது ஒரு சங்கத்திலிருந்து புகார் வருது. எழுத்துல அனுப்பச் சொல்லியிருக்கேன்” என்றார் தங்கப்பழம்.

ஹெப்சிபா எடுத்தார். அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சங்கத்துல பால் அளந்து சீட்டுப் போடுத இசக்கியம்மா பேசுதேன். எங்க எருமைய எப்பத்தான் எருமைன்னு ஒத்துக்கிடுவீய?”

“இப்பவே அம்மா. உங்க சங்கத்துக்கு மட்டும் திருத்தத்த அனுப்புறோம். அடுத்த ஆளுக்குச் சீட்டு அடிச்சுப் பாத்துச் சொல்றீங்களா?”

சுடலைக்கனி அனுப்பினாள். போனை வைக்காமல் காத்திருந்தார்கள்.

“எருமைன்னே வருது தாயி!”

அரை மணி நேரத்தில் எல்லாச் சங்கங்களுக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்தது. மேலாளர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வாரத்தில் முதல் முறையாகத் தங்கப்பழம் டீயைச் சூடாகக் குடித்தார்.

பிறகு தயங்கிக் கேட்டார். “அப்ப அந்த முறையே வேண்டாமா, டீச்சர்?”

“சென்னையில நானூறு பேர். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அதனால மூணு கையெழுத்து வச்சேன்.”

“இங்க?”

ஹெப்சிபா படிவத்தை எடுத்து நடுக் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார். ஒப்புதல் தந்தவர் என்ற கட்டத்தில் ‘இசக்கியம்மா’ என்று எழுதினார்.

“அவங்க நம்ம ஆபீஸ் ஆளே இல்லையே?”

“இந்த ஆபீஸ்ல எருமையப் பாத்தவங்க யாரு, சார்?”