வலப்பக்கம் தோள் ஏன் இறுகுகிறது

அந்தக் காலத்தில் மலைக்கு வாய் இருந்தது. மிளாவுக்கும் இருந்தது. கல்லுக்குக்கூட இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கல் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் கேட்கிறவனுக்கு நரைத்துவிடுமாம், அதனால் அதை விட்டுவிடுவோம்.

மிளா என்பது மான் சாதியிலேயே பெரியது. ஆண் மிளாவுக்குக் கிளைவிட்ட கொம்பு உண்டு. அன்றைக்கு மேல்மலைச் சனங்கள் அதன்மேல் ஏறித்தான் போவார்கள், வருவார்கள். மலையில் தேனும் மிளகும் உண்டு, உப்பு கிடையாது. தேனையும் மிளகையும் கட்டிக்கொண்டு கீழே இறங்கி, உப்பு மூட்டையோடு மேலே ஏறுவது அவர்கள் பிழைப்பு. பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். மிளா ஓடும்போது வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும், மேலே இருப்பவனும் கூடவே சாய வேண்டும். அப்போதெல்லாம் மனுச உடம்புக்கு இடம் வலம் என்ற வித்தியாசம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே தைரியத்தோடு சாய்ந்தது.

தன் உடம்பில் பாதை வெட்ட இடம் கொடுத்தபோது மலை ஒரே ஒரு சட்டம்தான் சொன்னது. போகிறவன் தன் இடக்கைப் பக்கமாகப் போக வேண்டும். வலக்கைப் பக்கம் எதிரே வருகிறவனுடையது. அவன் வந்தாலும் அவனுடையது, வராவிட்டாலும் அவனுடையது.

சனங்கள் சரி என்றார்கள். சரி என்று சொல்வதில் மனுசனுக்கு என்ன கஷ்டம்? பிறகு தங்கள் வசதிக்கு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பாறை மறைக்கிற வளைவு வந்தால் இந்தப் பக்கத்து ஆள் "வழி" என்று குரல் கொடுப்பான். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் "வழிதான்" என்று பதில் வரும். உடனே இருவரும் ஓரம் கட்டி, அவரவர் பக்கமாக நகர்ந்து போவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நாள்பட நாள்பட, பதில் வராவிட்டால் பாதை முழுவதும் நம்முடையது என்று ஆகிவிட்டது. அப்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதில் வராதபோதெல்லாம் ஒன்றும் ஆகாமல் போனதால், அதுவே சட்டம் போலத் தோன்றிவிட்டது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தாய்வீட்டில் பிள்ளை பெற்றவள் கைக்குழந்தையோடு மலையேறும்போது வாய் திறக்கக் கூடாது. அவளைச் சுமக்கும் மிளாவும் பேசக் கூடாது. பேசினால் பள்ளத்தில் திரிகிற காத்து கருப்பு தாய்ப்பால் வாசம் கண்டு பின்னாலேயே ஏறி வந்துவிடும் என்று பயம். புகுந்த வீட்டு வாசலைத் தாண்டும்வரை மௌனம். அதனால் அவளுடைய உடன்பிறந்தான் ஒருவன் முன்னால் போவான். வளைவுகளில் அவளுக்கும் சேர்த்து அவன்தான் பதில் சொல்வான்.

மேல்மலையில் வேம்பன் என்று ஒருவன் இருந்தான். அவனைப் போல மிளா ஓட்ட ஆள் இல்லை. வளைவில் சாய்ந்தால் இடப்பக்கத் தரையில் கிடக்கும் பூவையும் எடுப்பான், வலப்பக்கத் தரையில் கிடக்கும் பூவையும் எடுப்பான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், அவன் பார்க்காதது போல முகத்தை வைத்துக்கொள்வான். இன்றைக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பைக்கைச் சாய்த்து முழங்கால் தரையில் உரசுவதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அவன் மிளாவின் பெயர் சாம்பன். நிதானமான பிராணி, அதிகம் பேசாது, பேசினால் சரியாக இருக்கும். அதனாலேயே வேம்பன் அதன் பேச்சைப் பாதிதான் கேட்பான்.

வேம்பனின் மனைவி உலகி. தலைப்பிரசவத்துக்கு அடிவாரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது என்று உப்புக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள். மூன்றாம் மாதம் அழைத்து வருவோம், மாப்பிள்ளை வாசலில் விளக்கோடு நின்றால் போதும் என்று முறைப்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேம்பன் அதுவரை குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு யார் மாதிரி என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவன் உன் மாதிரி என்றான், இன்னொருவன் நல்லவேளை உன் மாதிரி இல்லை என்றான். இரண்டுக்கும் அவன் சிரித்தான்.

குறித்த நாளுக்கு முதல் நாள் காலை மேற்கே வானம் கறுத்தது. மழை பிடித்தால் பாதை சரிந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் யாரும் ஏற முடியாது. வேம்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முறையாவது ஒன்றாவது, நானே இறங்கிப்போய் மழைக்கு முன்னால் கூட்டிவருகிறேன் என்று சாம்பன்மேல் ஏறினான்.

அதே மேகத்தை அடிவாரத்திலும் பார்த்தார்கள். நாளைவரை காத்திருந்தால் பாதை இருக்காது, இன்றைக்கே கொண்டுபோய் விடுவோம் என்று உலகியையும் குழந்தையையும் ஒரு பெண் மிளாவின்மேல் ஏற்றினார்கள். தம்பி சடையன் சீர் மூட்டையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். குழந்தையை அவள் சீலைத் துணியில் தூளி போலக் கட்டித் தோளில் மாட்டியிருந்தாள். இவன் இறங்குவது அவளுக்குத் தெரியாது. அவள் ஏறுவது இவனுக்குத் தெரியாது.

பாதி மலையில் சீர் மூட்டையின் கட்டு அவிழ்ந்து தொட்டில் கட்டைகள் சரிந்து விழுந்தன. சடையன் அக்காவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவற்றைப் பொறுக்கிக் கட்ட உட்கார்ந்தான். அவளும் நின்றாள். அதற்குள் மழையின் முதல் துளிகள் விழுந்தன. குழந்தையின் உச்சந்தலை நனைந்தது. சற்று மேலே மூக்கு போல நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை தெரிந்தது, அதன்கீழே ஒதுங்கினால் நனையாது. தம்பியைக் கூப்பிட வாய் திறக்கக் கூடாது. கையைக் காட்டினாள், அவன் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிளாவின் கழுத்தைத் தட்டினாள். அது பாறையை ஒட்டி, தனக்குரிய இடப்பக்கமாகவே மெல்ல ஏறியது.

அந்தப் பாறை மூக்கின் மறுபக்கத்தில் வேம்பன் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு அது வலப்பக்கம் திரும்புகிற வளைவு.

"வழி" என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. கீழே கட்டைகளோடு இருந்த சடையனுக்கு அந்தக் குரல் எட்டவில்லை.

சாம்பன் வேகத்தைக் குறைத்தது. "வேம்பா, நம்ம பக்கமே போவோம்" என்றது.

"அதான் யாரும் இல்லயே. உள்ள ஒட்டிப் போனா சீக்கிரம் போயிரலாம்."

"சத்தம் வரலன்னுதான் தெரியும். ஆளு வரலன்னு எனக்குத் தெரியாது."

"மழை வந்திருச்சு சாம்பா. எம்புள்ளயப் பாக்கணும்" என்று சொல்லி, வேம்பன் வலது முழங்காலால் அதன் விலாவை அழுத்தினான். தோளைத் தாழ்த்தி, வலப்பக்கமாக முழு உடம்பையும் சாய்த்தான். சவாரி செய்கிறவன் சாய்ந்தபிறகு மிளாவால் நிமிர முடியாது. அவன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு வளைவில் சாய்ந்ததே இல்லை என்று சொல்கிறார்கள். சொல்லித்தான் என்ன பிரயோசனம்?

பாறையை ஒட்டி அவன் திரும்பியபோது, பாறையை ஒட்டி அவள் நின்றுகொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே முகம். அவனால் நிறுத்தவும் முடியாது, விலகவும் முடியாது. அவள்தான் விலகினாள். தன் பக்கத்தை அவனுக்கு விட்டுவிட்டு, பெண் மிளாவை வெளிப்பக்கம் திருப்பினாள். அங்கே அகலம் போதவில்லை. மண் நனைந்திருந்தது. இரண்டு மிளாக்களும் ஒன்றை ஒன்று உரசிய அந்தக் கணத்தில் அவள் தோளில் இருந்த தூளி சாம்பனின் கொம்பில் மாட்டி இழுபட்டது. அவள் அதைப் பிடித்து இழுக்கவில்லை. தலையைக் குனிந்து, துணியைத் தோளிலிருந்து கழற்றி விட்டாள்.

பிறகு பெண் மிளாவும் அவளும் விழுந்தார்கள். விழும்போதும் இருவரும் குரல் எழுப்பவில்லை. வாசல் இன்னும் வரவில்லையே.

சாம்பன் நின்றது. அதன் கொம்பில் தூளி தொங்கியது. உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. வேம்பன் தன் மகளின் முகத்தை அப்படித்தான் முதன்முதலில் பார்த்தான்.

கீழிருந்து சடையன் தொட்டில் கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். மழையில் நனைந்தபடி நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தான், கொம்பில் தொங்கும் தூளியைப் பார்த்தான். சுற்றும் முற்றும் பார்த்தான்.

"மச்சான், எங்க அக்கா எங்க?"

வேம்பன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

மழை விட்டதும் கயிறு கட்டி இறங்கி அவளைக் கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்தபிறகு இரண்டு ஊர்ச் சனங்களும் கூடினார்கள். இறந்தவளைப் பேசுவது சுலபம், அவள் திருப்பிச் சொல்ல மாட்டாள். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் அவளை யார் ஏறச் சொன்னது என்று ஒருவர் தொடங்கினார். குரல் கொடுத்தான், பதில் வரவில்லை, அவன்மேல் என்ன தப்பு என்று இன்னொருவர் முடித்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்களும் நாளைக்கு அதே பாதையில், அதே மாதிரி போக வேண்டியவர்கள் அல்லவா?

சடையன் மட்டும் தலையை ஆட்டவில்லை. சாம்பனிடம் போய் நின்றான். அன்றைக்கு யார் பக்கத்தில் யார் வந்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

சாம்பன் வேம்பனைப் பார்த்தது. குட்டியிலிருந்து தனக்கு உப்பு ஊட்டிய கை அவனுடையது. உண்மையைச் சொன்னால் அவன் வாழ்வு போகும். பொய் சொன்னால், வாய் திறக்காமல் பள்ளத்தில் விழுந்த இரண்டு பேருக்குத் துரோகம். அது வாயை மூடிக்கொண்டது. எவ்வளவு கேட்டும் திறக்கவில்லை. அந்த மௌனம் அதன் தொண்டையிலேயே தங்கிப்போனது, அதன் பிள்ளைகளுக்கும் பேச்சு வரவில்லை. மனுசனைச் சுமக்கவும் மிளாக்கள் அதன்பிறகு சம்மதிக்கவில்லை.

அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த வேம்பனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

"அவ, அவ பக்கத்துலதான் நின்னா. நான்தான் அவ பக்கம் போனேன்" என்றான்.

கூட்டம் கலைந்தது. குழந்தையைச் சடையன் எடுத்துக்கொண்டு போனான். வேம்பன் கையை நீட்டக்கூட இல்லை.

அவன் நேராக அந்த வளைவுக்குப் போய் மலையிடம் அழுதான். அவளைத் திருப்பிக் கொடு என்றான். விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கும் கை தனக்கு இல்லை என்றது மலை. அப்படியானால் நான் சாய்த்த இந்த வலப்பக்கத்தை எடுத்துக்கொள், தோளையும் கையையும் காலையும் எடுத்துக்கொள், இதோடு என்னால் வாழ முடியாது என்று பாறையில் முட்டிக்கொண்டான்.

மலைக்குக் கல்நெஞ்சம் என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"உன் கைய வாங்கி நான் என்ன செய்ய? நாளைக்கே இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் அவசரமாத்தான் இருக்கும். அவனுக்கும் வீட்டுல புள்ள இருக்கும். நான் சொன்ன சட்டத்த நீங்க காதுல வச்சீங்க, காது மறந்திருச்சு. இனிமே உடம்புலயே வைக்கிறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு, அன்றைக்கு இருந்தவர்கள், இனிப் பிறக்கப் போகிறவர்கள், ஒரு முதுகின்மேல் ஏறி மலையிறங்கப் போகிற எல்லோருடைய வலப்பக்கத்திலிருந்தும் மலை ஒரு பிடி தைரியத்தை எடுத்தது. எடுத்ததை எங்கே போடுவது? இடப்பக்கத்திலேயே சேர்த்து வைத்தது. இடப்பக்கம் அவரவருக்கு உரிய பக்கம். அங்கே துணிச்சல் கூடிப்போனாலும் அடிபடுகிறவன் பெரும்பாலும் தானே என்று நினைத்திருக்கும். மலையின் கணக்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. அதுதான் மலை பேசிய கடைசிப் பேச்சு.

வேம்பன் அதன்பிறகு எதன்மேலும் ஏறவில்லை. மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே உப்பு சுமந்தான். அடிவாரத்தில் மகள் வளர்ந்துகொண்டிருந்த வீட்டு வாசலில் மாதம் ஒரு படி உப்பை வைப்பான், உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவான். அவள் மூக்கு யார் மாதிரி என்று கடைசிவரை யாரிடமும் கேட்கவில்லை.

மிளாவுக்குப் பிறகு குதிரை வந்தது, குதிரைக்குப் பிறகு பைக் வந்தது. மலைப்பாதை தார் ரோடாக மாறியது, மனுச உடம்பு மாறவில்லை. புது வண்டி வாங்கிய பிள்ளைகள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு மலையிறங்கும்போது, இடது வளைவு அழகாக வருகிறது, வலது வளைவில் மட்டும் என்னமோ தடுக்கிறது என்கிறார்கள். டயரைக் குறை சொல்கிறார்கள், ரோட்டைக் குறை சொல்கிறார்கள், ஆக்சிலேட்டர் பிடிக்கிற கை அது அல்லவா என்று மெக்கானிக் ஒரு காரணம் சொல்கிறார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சிலர் தைரியமும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை முழுக்கச் சரியாக்கிக்கொள்ளாதீர்கள்.

அன்று முதல்தான், மலையிறங்குகிற எவரும் இடப்பக்கம் யோசிக்காமல் சாய்கிறார்கள். வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் தோள் தானாக இறுகி, கை தானாகத் தளர்ந்து, பாறைக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு வாய் திறக்காமல் ஏறி வருகிற ஒருத்திக்கு இடம் விட்டுப் போகிறார்கள்.