நச்சுயிரிக் கூட்டின் நடு காலியான கதை

அந்தக் காலத்தில் காராமணி இலைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாதவர்களும் வாய் திறந்து பேசினார்கள். அங்கே நூலாத்தா என்றொருத்தி இருந்தாள். உடம்பே நீண்ட ஒற்றை இழை. அந்த இழை முழுக்க எழுத்து. அதைப் படித்துத்தான் அவளுடைய பிள்ளைகள் உருவானார்கள். நூற்றெண்பது பேர், அத்தனை பேரும் ஒரே அச்சு.

இலைச்சாற்றில் கத்தரிப்பான் என்று ஒருவன் திரிந்தான். இழையைக் கண்டால் நறுக்கிவிடுவான். ஆத்தா நறுக்குப்பட்டால் எழுத்து போச்சு. குலமே அத்தோடு முடிந்தது.

"ஆத்தாளைச் சுத்திக் கூடு கட்டுவோம்" என்று முதலில் குரல் கொடுத்தவன் சடையன். மூலைக்கு மூலை ஒதுங்கிக் கிடந்தவர்களை இழுத்து வந்து கைகோக்க வைத்தவனும் அவனே. எவன் முன்னாலும் கை மடக்கி நின்றதில்லை என்பது அவன் பெருமை.

கூடி நின்றால் நடுவில் தலைவனுக்கு இடம் விடுவது அவர்கள் வழக்கம்.

"அண்ணே, நீங்க நடுவுல நில்லுங்க. சுவரை நாங்க பாத்துக்கிறோம்."

சடையன் மறுக்கவில்லை. இத்தனை பாடுபட்டவனுக்கு இதுகூடவா கிடையாது? மற்றவர்கள் உருண்டையாகச் சேர்ந்தார்கள். சுவரில் ஓர் ஆள் அளவு பொத்தல் மிஞ்சியது. நடுவில் சடையன் நிமிர்ந்து நின்றதால் ஆத்தாளுக்குச் சுருள இடம் போதவில்லை. வால் பொத்தல் வழியே வெளியே தொங்கியது.

கத்தரிப்பான் மோப்பம் பிடித்து வந்தான். "அட, ராசா உள்ள கொலு இருக்காரா? இருக்கட்டும், இருக்கட்டும். நான் வாசல்லயே சாப்பிட்டுக்கிறேன்."

"யாராவது அடைங்கடா!" சடையன் கத்தினான்.

"யாருண்ணே இருக்கா?" என்றான் பொத்தலோரம் நின்ற ஒச்சன். "எல்லாரும் கைகோத்து நிக்கிறோம். சும்மா நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

சுருக்கென்று தைத்தது. உங்களைத் திரட்டியதே நான்தானடா என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கத்தரிப்பானின் பல் இழையில் பட்டது. ஆத்தா முனகினாள்.

சடையன் வாலை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தலில் போய் நின்றான். நீட்டிய கையோடு நுழைய முடியாமல் தோள் இடித்தது.

"கையை மடக்குங்கண்ணே!" என்றான் ஒச்சன்.

"என்னையாடா மடக்கச் சொல்ற?"

"நாங்க மட்டும் நீட்டிக்கிட்டா நிக்கிறோம்?"

அப்போதுதான் சடையன் சுற்றிப் பார்த்தான். சிலர் மடக்கியிருந்தார்கள், சிலர் நீட்டியிருந்தார்கள். அவரவர் நின்ற இடத்துக்குத் தக்கபடி. எவரும் அதைத் தாழ்வாக நினைத்ததாகத் தெரியவில்லை.

மடக்கினான். கூடு மூடியது. கத்தரிப்பான் சுற்றிச் சுற்றிப் பிராண்டிவிட்டுப் போய்விட்டான். ஆத்தா சுவரோடு ஒட்டிச் சுருண்டு, ஒவ்வொருவர் முதுகையும் தொட்டபடி படுத்துக்கொண்டாள். நடு காலியாகவே கிடந்தது.

"சடையா, நீ எந்தப் பக்கம்டா நிக்கிற?" என்று கேட்டாள்.

சொல்லத்தான் நினைத்தான். நாக்கு நுனிவரை வந்தது. பிறகு பேசாமல் இருந்துவிட்டான்.

அன்று முதல்தான், காராமணி இலையை வெளிற வைக்கும் அந்த நச்சுயிரியின் கூட்டில் நூற்றெண்பது துண்டும் ஒரே அச்சாக, நிற்கும் இடத்துக்கேற்ப மட்டும் வளைந்து நிற்கின்றன. எக்ஸ் கதிர் பாய்ச்சித் துருவிப் பார்ப்பவர்களுக்கும் இதில் எது தலைவன் என்று தெரிவதில்லை.